கத்திரி வெயிலும் நம் தெருவும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோடையைப் பற்றியவை. வெயிலைக் குறைகூறி எழுதியவர்களைவிட, இந்த வெயிலுக்குள்ளும் தாம் வாழும் தெருவில் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று கேட்டவர்கள் அதிகம் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

எங்களுடையது மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம். ஊட்டி, கொடைக்கானல் என்று போகும் வசதி இந்த ஆண்டு இல்லை. சொந்த ஊரிலும் இப்போது யாரும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு மே மாதம் முழுவதையும் சென்னையிலேயே கழிக்க வேண்டும். அவர்கள் ஏங்காமல் இருக்க என்ன செய்யலாம்?
– வாசகி, பெரம்பூர்

சென்னைக் கோடையைப் பொறுத்தவரை, எங்கே போகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். நண்பகலில் தாங்க முடியாத அதே தெரு, காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் வேறு தெருவாக இருக்கும். ஆகவே உங்கள் பிள்ளைகளின் நாளை வெயிலின் போக்கை ஒட்டி மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைதானே என்று காலை எட்டு மணி வரை தூங்கவிடுவதுதான் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையில் குயில் கூவுவதைப் போல வேறு எந்தப் பருவத்திலும் கேட்க முடியாது; அது குயிலின் இனப்பெருக்கக் காலம். கூவுவது கருமையான ஆண் குயில் என்றும், உடலெங்கும் புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறப் பெண் குயில்தான் காக்கையின் கூட்டில் முட்டையிடும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, உங்கள் தெருவில் காக்கைக் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு அவர்களுக்கு வேறு வேலையே தேவைப்படாது. மரங்களைப் பார்ப்பதற்கும் இதுதான் காலம். சரக்கொன்றை மஞ்சள் சரங்களாகத் தொங்குவதும், செம்மயிற்கொன்றை இலை தெரியாமல் சிவப்பதும், புங்கை புதிதாகத் துளிர்த்து அடர்ந்த நிழல் தருவதும் இந்த மாதங்களில்தான். பழைய ரயில்வே குடியிருப்புகளை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் இலைகள் பொழுது சாயும்போது மடங்கிக்கொள்வதைக் காட்டினால், அந்தப் பெயரை அவர்கள் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார்கள். உங்கள் பகுதிக்கு அருகிலேயே, ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை ஒட்டி 2002-இல் தொடங்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய என்ஜின்களையும் பெட்டிகளையும் திறந்த வெளியில் வைத்திருப்பதால் வெயில் ஏறுவதற்கு முன்போ, தாழ்ந்த பின்போ போய்வருவது நல்லது.

பத்தரை மணியிலிருந்து நான்கு மணி வரை பிள்ளைகள் நிழலுக்குள் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் இருப்பது என்றால் கைப்பேசியோடு இருப்பது என்று பொருளல்ல. பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகிய மூன்றும் நண்பகலுக்காகவே நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன விளையாட்டுகள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும், தாயத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்த ஒரு கட்டமும் இருந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாட்களாவது கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2010-இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குளிர்ந்த கூடத்தில் உட்கார்ந்து விரும்பிய புத்தகத்தை எடுத்துப் படிக்க ஒரு காசும் கேட்கமாட்டார்கள். தொலைவு என்று தோன்றினால் எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உங்களுக்குப் பயணச் செலவும் பெரிதாக வராது. பத்தரை மணிக்கு முன்பே உள்ளே போய், நான்கு மணிக்குப் பின் வெளியே வந்தால் நண்பகல் முழுவதையும் அங்கேயே கழித்துவிடலாம்.

மாலையில் அவர்களைத் தெருவுக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் திட்டம் போட்டுத் தர வேண்டியதில்லை. ஐஸ்பாய், கல்லா மண்ணா, ஏழு கல் ஆகிய ஆட்டங்களைத் தெரிந்த ஒரே ஒரு பிள்ளை தெருவில் இருந்தால் போதும், மற்றவர்கள் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். அப்படி யாரும் இல்லையென்றால் முதல் நாள் நீங்களே கீழே இறங்கிச் சொல்லிக்கொடுங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் தானாக வந்து சேர்வார்கள்.

கடல் காற்று நண்பகலில் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் சில நாட்களில் மாலை நான்கு மணி ஆனாலும் ஓர் இலைகூட அசைவதில்லை. காரணம் என்ன?
– வாசகர், அம்பத்தூர்

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழும்பும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கத்திரி நாட்களில் இதற்கு ஒரு போட்டி உண்டு. மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசிக்கொண்டிருக்கும். அது வலுவாக இருக்கும் நாளில் கடல் காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். கடல் காற்று முற்பகலிலேயே நுழைந்துவிட்டால் வெப்பம் 35, 36 டிகிரியோடு நின்றுவிடும். பிற்பகல் வரை தாமதமானால் 40-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அதுவே இந்நகரத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை.

கடற்கரையில் தொடங்கி உள்ளே நகர்ந்து வரும் காற்று என்பதால், திருவல்லிக்கேணிக்கு வந்து சில நேரம் கழித்தே அது அம்பத்தூருக்கு வரும். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் ஓரிரு டிகிரி கூடுதலாகப் பதிவாவதற்கும் கடலிலிருந்து உள்ள தொலைவே முக்கியக் காரணம். உங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. கடல் காற்று குளிர்ச்சியோடு ஈரத்தையும் கொண்டுவருவதால் கரையோரத்தில் வியர்வை காய்வதில்லை. உங்கள் பகுதியில் காற்று உலர்ந்திருப்பதால் ஈரத்துணியும் மண்பானையும் நன்றாகவே வேலை செய்யும். கிழக்குப் பக்கச் சன்னலைப் பகல் முழுவதும் மூடிவைத்து, காற்று திரும்பியதும் அதையும் அதற்கு எதிரே உள்ள மேற்குச் சன்னலையும் ஒருசேரத் திறந்துவிடுங்கள். வாசலில் காயும் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே காற்று திரும்பிய நேரம் தெரிந்துவிடும்.

நுங்கு வாங்கினால் பாதி முற்றிப்போய்க் கடுக்காயாக இருக்கிறது. நல்ல நுங்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நகரத்தில் கிடைக்கும் பதநீரை நம்பிக் குடிக்கலாமா?
– வாசகி, கோடம்பாக்கம்

கோடைக்காலச் சென்னையின் தெருமுனைகளில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி நுங்கு வண்டிதான் என்பதால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன்.

பனங்காயில் பொதுவாக மூன்று கண்கள் இருக்கும். சிலவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கும். ஒரே குலையில்கூட எல்லாக் காய்களும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. எனவே தோண்டி எடுத்துக் கூறு கட்டி வைத்த நுங்கை வாங்குவதைவிட, உங்கள் கண்ணெதிரே சீவித் தரச் சொல்லி வாங்குவதே சிறந்தது. சீவியதும் தெரியும் கண்ணைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இளசாக இருந்தால் விரல் அமிழும். உள்ளே நீர் தளும்புவதும் தெரியும். விரலை எதிர்த்து நின்றால் அது முற்றிய நுங்கு. முற்றியதைத் தின்றால் வயிறு கனக்கும், சிலருக்கு வலியும் வரும். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் துவர்க்கும். இளசான நுங்கில் அந்தத் தோலோடு தின்பதே எனக்குப் பிடிக்கும். குழந்தைகளுக்கு மட்டும் உரித்துக் கொடுங்கள். காலையில் வெட்டியதை மாலைக்குள் தின்றுவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் வழவழப்பும் புளித்த வாடையும் வந்துவிடும்.

தின்ற பிறகு, நுங்கு எடுத்த காயின் கூடான கோந்தையை எறிய வேண்டாம். இரண்டு கோந்தைகளை ஒரு குச்சியின் இருமுனையிலும் செருகி, நடுவில் கவைக்குச்சி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வண்டி தயார். தார்ச்சாலையில் அது எழுப்பும் ஓசையைக் கேட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையும் வெளியே வரும்.

பதநீர் வேறு வகை. பாளையைச் சீவி வடியவிடும் சாறு தானாகவே புளிக்கும் தன்மை உடையது. உள்பக்கம் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் வடியவிட்டால்தான் புளிக்காமல் பதநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பதநீர் இறக்கலாம்; நுங்கு பெண் பனையில் மட்டுமே காய்க்கும். விடியற்காலையில் இறக்கியதை அன்று காலையே குடிப்பதுதான் முறை. நகரத்துக்குள் வருவதற்குள் நேரம் கடந்துவிடுவதும், சாக்கரின் கரைத்த நீரைக் கலந்து விற்பதும் உண்டு. நல்ல பதநீரில் மெல்லிய சுண்ணாம்பு மணம் இருக்கும். இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்காது. நிறம் சற்றே கலங்கலாக இருக்கும். நண்பகலுக்கு மேல் விற்கும் பதநீரை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே விற்பனையாளரிடம் தொடர்ந்து வாங்குவதே பாதுகாப்பு. செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கங்களிலிருந்து பின்னிரவிலேயே புறப்பட்டு வந்து வெயிலில் நின்று வெட்டித் தருபவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உயரமான மரத்தில் ஏறி இறங்கிய உழைப்பும் அந்த விலையில் அடக்கம்.

மாம்பழம் கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், வில்லிவாக்கம்

கல் என்று நாம் சொல்வது கால்சியம் கார்பைடை. அது ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயுவை வெளியிட்டுக் காயின் தோலை மஞ்சளாக்கிவிடும். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் பழங்களைப் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. பழம் முழுவதும் ஒரே சீரான மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கத்தில் முகர்ந்தால் மணமே இல்லாமல், அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிப் புளித்தால் ஐயப்படலாம். ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

அதனால் நான் சொல்லும் வழி, முற்றிய காயாகவே வாங்கி வீட்டில் பழுக்கவைப்பது. வைக்கோல் கிடைத்தால் வைக்கோலில், இல்லையென்றால் அரிசிப் பாத்திரத்தில் புதைத்து வையுங்கள். நான்கைந்து நாட்களில் வீடு முழுவதும் மணக்கத் தொடங்கும். அந்த மணத்துக்காகவே இதைச் செய்யலாம். பங்கனப்பள்ளியும் செந்தூரமும் முதலில் வரும். பிறகு மெல்லிய தோல் கொண்ட உருண்டை ருமானி, மல்கோவா, இமாம்பசந்த் ஆகியவை வரிசையாக வரும். வெயில் தணியத் தொடங்கும் ஜூன், ஜூலையில் நீலம் வரும். ஒரே வகையைக் கூடை கூடையாக வாங்காமல், வாரம் ஒரு வகை என்று வாங்கினால் கோடை முழுவதையும் சுவைத்ததுபோல் இருக்கும். வீட்டில் அறுக்கும்போது இரண்டு பத்தையைத் தட்டில் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. உங்கள் தெருவில் இல்லையென்றால் இந்த ஆண்டு நீங்கள் தொடங்கிவையுங்கள்.

மண்பானை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தண்ணீர் குளிர்வதே இல்லை. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, திருவான்மியூர்

ஏமாந்திருக்க வாய்ப்பு குறைவு. பானையை வைத்த இடம்தான் காரணமாக இருக்கும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 லிட்டர் பானையில் 100 மில்லி மட்டும் ஆவியானாலே, மீதி நீர் ஏறக்குறைய 6 டிகிரி குளிர்வதற்குப் போதுமான வெப்பம் வெளியேறிவிடும். வெளியிலிருந்து வந்து சேரும் சூட்டைக் கழித்தால் கிடைக்கும் குளிர்ச்சி சற்றுக் குறையும். ஆக, ஆவியாதலைத் தடுப்பது எதுவோ அதுவே குளிர்ச்சியையும் தடுக்கிறது.

சமையலறை மூலையில் காற்று படாத இடத்தில் வைத்திருந்தால், சன்னலோரத்து நிழலுக்கு மாற்றுங்கள். வண்ணம் பூசிய பானையாக இருந்தால் துளைகள் அடைபட்டிருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியிருந்தால் உப்புப் படிந்து அடைத்திருக்கும். வெளிப்புறத்தைத் தேங்காய் நாரால் சோப்பு இல்லாமல் தேய்த்துக் கழுவினால் மீண்டும் கசியத் தொடங்கும். அடியில் ஒரு தட்டில் மணல் பரப்பி, அதை ஈரமாக வைத்து, அதன்மேல் பானையை வையுங்கள். நீங்கள் கடலுக்கு மிக அருகில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். எவ்வளவு செய்தாலும் அம்பத்தூரில் கிடைக்கும் குளிர்ச்சி உங்களுக்குக் கிடைக்காது. கழுவிய வெட்டிவேரைச் சிறு முடிச்சாக மெல்லிய துணியில் கட்டி உள்ளே போட்டால் மணமாவது முழுமையாகக் கிடைக்கும். முடிச்சை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவையுங்கள். அடுத்த பானை வாங்கும்போது, மண்பாண்டத் தொழிலாளர்கள் இன்னும் வாழும் கொசப்பேட்டைப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு எடுத்துத் தருவார்கள்.

எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார்கள். வடாம் காயவைப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சண்டை, தண்ணீர் வீணாகிறது என்று புகார். கோடையில் மாடி இல்லாமல் எப்படி?
– வாசகர், நங்கநல்லூர்

பூட்டியது தவறு என்றே கருதுகிறேன். ஆனால் பூட்டியவர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போய், குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்ததை இந்நகரம் மறக்க முடியாது. தளத்தைக் குளிர்விக்க மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைக் கைவிடத்தான் வேண்டும். அதற்குப் பதிலாகக் கோடை தொடங்கும் முன்பே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு முழுவதும் வெளியிடுவதால்தான் மேல்தளத்து வீடுகளில் தூக்கம் வருவதில்லை. வெள்ளைப் பூச்சு அந்த வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மற்றச் சண்டைகளுக்கு நேரப் பங்கீடே தீர்வு. காலை ஆறு முதல் மாலை நான்கு வரை வடாம், வத்தல், மோர் மிளகாய் காயவைப்பவர்களுக்கு; நான்கு முதல் ஏழு வரை பிள்ளைகளுக்கு; அதன் பிறகு எல்லோருக்கும் என்று சங்கக் கூட்டத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவாக இருந்தால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காத்தாடி விடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்கள் போயிருக்கின்றன. அந்த நூலைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை உண்டு.

மாடி திறந்ததும் முதல் வேலையாக, மே மாத நடுவில் ஓர் இரவு ஒன்பது மணிக்கு எல்லோரையும் அழைத்துத் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 17 டிகிரி உயரத்தில், அதாவது கையை நீட்டி விரல்களை நன்றாக விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே உள்ளதைவிடச் சற்றே குறைந்த உயரத்தில், தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். தில்லியில் இருப்பவர்களுக்கு அது தொடுவானத்தை ஒட்டியே நிற்பதால் காண்பது அரிது. நமக்கு இந்தக் கோடையில் மாடியிலிருந்தே கிடைக்கிறது. தலைக்கு மேல் ஆரஞ்சு நிறமாக ஒளிர்வது சுவாதி, அதற்குத் தெற்கே வெண்ணீலமாக இருப்பது சித்திரை. வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். இரவு ஏற ஏறத் தென்கிழக்கில் விருச்சிகம் எழுந்து, அதன் நடுவே கேட்டை சிவப்பாகத் தெரியும். பாய், தலையணை, கொசுவலை, ஒரு சொம்பு தண்ணீர், கதை சொல்லத் தெரிந்த ஒரு பாட்டி ஆகியவை இருந்தால் அந்த இரவுக்கு வேறெதுவும் வேண்டாம்.

பகலிலும் ஒரு காட்சி உண்டு. ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாளில், நண்பகல் 12.07 மணி அளவில், சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும். மாடியில் நிமிர்த்தி வைத்த சொம்புக்கோ குழாய்த் துண்டுக்கோ அந்த ஒரு நிமிடம் பக்கவாட்டில் நிழலே விழாது. இந்த ஆண்டு தவறியிருந்தால் ஆகஸ்டு 18-ஐ ஒட்டி மீண்டும் வரும்.

திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்று ஏன் பெயர்? உண்மையிலேயே அங்கே ஐஸ் இருந்ததா?
– வாசகர், ராயப்பேட்டை

இருந்தது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து விற்ற பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டிய கிடங்கு அது. இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் முடிந்துபோனது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963 முதல் அது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிறது. மாலையில் கடற்கரைக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு மணலில் உட்கார்ந்து தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் பகுதிப் பையன்கள் உச்சி வெயிலில் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். திட்டினால் கேட்பதில்லை. என்ன சொல்லித் தடுப்பது?
– வாசகர், வியாசர்பாடி

தடுப்பதைவிட நிழலில் ஒரு கேரம் பலகையைப் போடுங்கள். வடசென்னையில் அதைவிடச் சிறந்த அழைப்பு வேறில்லை. கேரத்தில் உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். இதைச் சொல்லிப் பலகையை வைத்தால் நான்கு மணி வரை ஒருவனும் வெயிலுக்குப் போகமாட்டான். மாவு தூவிப் பலகையை வழவழப்பாக்கும் வேலையைத் தெருவின் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்தால் அவருக்கும் பொழுது நன்றாகப் போகும். பெண் பிள்ளைகளுக்கும் முறை வைத்து இடம் கொடுங்கள்.

எனக்கு 72 வயது. தனியாக இருக்கிறேன். வெளியே அதிகம் போக முடியாது. குப்பை அள்ள வருபவர்களும் சாப்பாடு கொண்டுவரும் பையன்களும் என் வாசலில் வியர்த்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. என்னால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
– வாசகி, புரசைவாக்கம்

அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என் மனத்தை நிறைத்தது உங்களுடையதுதான். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு நீர்மோரும் பானகமும் வைத்து, வருகிறவர் யார் என்று கேட்காமல் கொடுப்பார்கள். அதையே உங்கள் வாசலில் கோடை முழுவதும் செய்யலாம்.

ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு நன்றாகக் கடைந்து, உப்பு, நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்துமல்லி, சிட்டிகை பெருங்காயம் சேர்த்தால் நீர்மோர் ஆகிவிடும். வெயிலில் உழைப்பவர்களுக்கு வியர்வையில் உப்பும் போகிறது என்பதால் உப்பைச் சற்றுத் தாராளமாகவே போடலாம். பச்சை மிளகாய் வேண்டாம்; வெறும் வயிற்றில் வருபவர்களுக்கு எரியும். காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். பதினொரு மணி அளவில் கடைந்து மண்பானையில் ஊற்றி வைத்தால் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும் அளவே போதும். மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். எவர்சில்வர் குவளைகள் நான்கும், கழுவ ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள். உங்கள் கை ஓய்ந்த நாளில் வெறும் பானைத் தண்ணீர் வைத்தாலும் அது குறைவானதல்ல. குவளையோடு நிழலில் ஒரு முக்காலியும் போட்டுவையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார இடம் கிடைப்பது, நாள் முழுவதும் இருசக்கர வண்டியில் அலைபவருக்கு மோரைவிடப் பெரிய உதவி. அக்கம்பக்கத்தில் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குச் சுமையாகவும் இருக்காது.

பால்கனியிலோ மதில்மேலோ அகலமான மண்தட்டில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தால் காக்கையும் மைனாவும் அணிலும் வரும். ஆழமாக வைத்தால் சிறு பறவைகள் இறங்கத் தயங்கும். நடுவில் ஒரு கல்லை வைத்தால் அதன்மேல் உட்கார்ந்து குடிக்கும். தினமும் காலையில் பழைய நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ மறக்க வேண்டாம். டெங்குவைப் பரப்பும் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் நீரை மாற்றுவது மட்டும் போதாது.

ஒரு மாலைப்பொழுதில், குறைந்த செலவில், வெளியே போய்வர ஓர் இடம் சொல்லுங்களேன்.
– வாசகர், வேளச்சேரி

உங்கள் ஊரிலேயே பறக்கும் ரயில் புறப்படுகிறது. ஐந்து மணிக்கு மேல் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து திருமயிலையில் இறங்குங்கள். கிழக்கு மாட வீதியில் காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்துவிட்டுக் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, அப்படியே கலங்கரை விளக்கம் வரை போனால் கடற்காற்று எதிர்கொள்ளும். அங்கிருந்து திரும்பவும் ரயில் உண்டு.

கோடையில் மட்டும் மல்லிகைப் பூ மலிவாகக் கிடைப்பது ஏன்? வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

குண்டுமல்லி வெப்பத்தை விரும்பும் செடி. மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை அமோகமாகப் பூக்கும். மார்கழிக் குளிரில் பூப்பது குறைந்து விலை ஏறிவிடும். கோடையின் கொடைகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். மாலை ஐந்து மணி வாக்கில், இதழ் விரியாத மொட்டுச் சரமாகப் பார்த்து முழம் போட்டு வாங்கினால் இரவு எட்டு மணிக்கு வீட்டில் மலர்ந்து மணக்கும். தலையில் சூட்டியது போக மீதியை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் புழுங்கிக் கறுத்துவிடும்.

தொட்டியில் தாராளமாக வளர்க்கலாம். குறைந்தது ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டி வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் கொடி நீளும், பூ வராது. கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ கிளைகளைப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்து, இலைகளை உருவிவிட்டு, மக்கிய தொழுவுரம் இட்டு, நீரைக் குறைத்துவிடுங்கள். மாசியில் மீண்டும் நீர் கூட்டினால் புதுத் துளிரோடு மொட்டும் வரும். இப்போது மே மாதத்தில் செடி வாங்குபவர்கள் கவாத்து செய்ய வேண்டாம்; பூத்து முடிந்த நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு, காலையில் ஒரு முறையும் மண் காய்ந்திருந்தால் மாலையில் ஒரு முறையும் தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி கழுவிய நீரை இதற்கே வைத்துக்கொண்டால் குடிநீர் வீணாகாது.